எந்தக் கட்டுரையை எடுப்பது? வான்கூவர் மாணவர்களின் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

விக்கிப்பீடியாவில் எழுதப் பழக வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தக் கட்டுரையைத் திருத்தப் போகிறீர்கள்?" என்பதுதான். பதில்கள் பெரும்பாலும் மூன்று: சொந்த ஊர், படிக்கும் கல்லூரி, பிடித்த நடிகர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, தாத்தா சொல்லிக் கேட்டிருந்த ஏரிக் கதையையும் கோயில் கதையையும் இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். மூன்றாம் நாள் அத்தனையும் காணோம். பக்க வரலாற்றில் ஒரே வரி: சான்று இல்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது நீக்கியவர் செய்தது சரி என்று பட்டது. என் தாத்தா சொன்னதை, என் ஊரைப் பார்த்தே இராத ஒருவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்?

எழுத்தில் நான் தவறவில்லை. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறினேன். அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் 2008ஆம் ஆண்டு கனடாவில் நடந்த ஒரு வகுப்பை எடுத்துச் சொல்கிறேன். அதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வகுப்பும் இலக்கும்

இடம், வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். லத்தீன் அமெரிக்க இலக்கியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கும் ஒரு இளநிலைப் பாடம். ஆசிரியர் ஜான் பீஸ்லி-மர்ரே. வழக்கமாக இப்படிப்பட்ட பாடத்தில் பருவத்தின் முடிவில் மாணவர் ஒரு கட்டுரை எழுதுவார், ஆசிரியர் படித்து மதிப்பெண் போடுவார், அதோடு அந்தத் தாளின் வாழ்வு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, பாடத்தோடு ஒட்டிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளைக் குழுக்களாகச் சேர்ந்து மேம்படுத்துங்கள் என்றார் அவர். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரே ஒரு பருவம்தான் கையில் இருந்தது.

இலக்கைத்தான் அவர் மிக உயரத்தில் வைத்தார். விக்கிப்பீடியாவில் கட்டுரைகளுக்குப் படிநிலைகள் உண்டு. இரண்டு மூன்று வரியோடு நிற்பது குறுங்கட்டுரை. வளர வளர அது மேலே ஏறும். வெளியார் ஒருவர் விதிப்படி சோதித்து ஒப்புக்கொண்டால் 'நல்ல கட்டுரை'. பலர் கூடி வரிவரியாகக் கேள்வி கேட்டு, எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கிடைப்பது 'சிறப்புக் கட்டுரை'. அந்தக் காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆயிரம் கட்டுரைக்கு ஒன்றுதான் அந்த நிலையில் இருந்தது. அதையே வகுப்பின் இலக்காக வைத்தார் பீஸ்லி-மர்ரே. நல்ல கட்டுரை ஆனால் 'ஏ', சிறப்புக் கட்டுரை ஆனால் 'ஏ பிளஸ்'. மதிப்பெண்ணை முடிவு செய்வதில் பாதி, முகம் தெரியாத விக்கிப்பீடியர்கள் கைக்குப் போய்விட்டது.

பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 3 சிறப்புக் கட்டுரைகள், 8 நல்ல கட்டுரைகள். சிறப்பு நிலையை எட்டிய மூன்று இவை: குவாத்தமாலா எழுத்தாளர் மிகுவேல் ஆங்கெல் அஸ்தூரியாஸ் 1946ல் வெளியிட்ட 'எல் செஞோர் பிரெசிதெந்தே' நாவலைப் பற்றியது, தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் கடைசி நாட்களைச் சொல்லும், கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் 1989ஆம் ஆண்டு நாவல் 'தி ஜெனரல் இன் ஹிஸ் லாபிரிந்த்' பற்றியது, பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் லோசாவின் வாழ்க்கைக் கட்டுரை.

இந்த வெற்றிக்கு மாணவர் உழைப்பைக் காரணம் சொல்வார்கள். அனுபவமுள்ள விக்கிப்பீடியர் குழு ஒன்று கூடவே நின்று கைகொடுத்ததைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தத் தலைப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது, எடுத்தவை எப்படிப்பட்ட கட்டுரைகள் என்பதுதான்.

தலைப்பின் அளவு

முதலில், ஒரு நாவல் என்பது எல்லை கட்டிய நிலம். கதை, பாத்திரங்கள், எழுதப்பட்ட சூழல், நடை, கருப்பொருள், வெளியானபோது கிடைத்த வரவேற்பு, மொழிபெயர்ப்புகள். இவ்வளவையும் சொல்லிவிட்டால் முழுமையாகச் சொன்னதாகிவிடும். 'லத்தீன் அமெரிக்க இலக்கியம்' என்ற தலைப்பை எடுத்திருந்தால் நான்கு மாதம் அல்ல, நான்கு வருடம் ஆனாலும் 'இன்னும் இதை விட்டுவிட்டீர்களே' என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சிறப்புக் கட்டுரைக்கான விதிகளில் 'விரிவு' ஒன்று. முக்கியமான எதுவும் விடுபடக் கூடாது என்று அதற்குப் பொருள். ஆகவே, விடுபடாமல் சொல்லி முடிக்கக் கூடிய அளவில் தலைப்பு இருக்க வேண்டும்.

இன்னொரு விதி 'நிலைத்தன்மை'. நாளுக்கு நாள் ஒருவர் எழுத இன்னொருவர் அழிக்கும் பக்கம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சிறப்பு நிலைக்குப் போகாது. அஸ்தூரியாஸ் நாவலுக்காக யாரும் சண்டை போடப்போவதில்லை. அதே சமயம் அது ஒன்றும் ஒதுக்குப்புறமான தலைப்பும் அல்ல. அஸ்தூரியாஸ் 1967ல் நோபல் பரிசு பெற்றவர். குவாத்தமாலாவை 1898 முதல் 1920 வரை ஆண்ட மனுவேல் எஸ்த்ராதா கப்ரேராவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த நாவல், சர்வாதிகாரி நாவல்கள் என்ற வரிசைக்கே முன்னோடியாகப் பேசப்படுவது. துறைக்குள் பெரிய பெயர், கலைக்களஞ்சியத்தில் சின்ன இடம். இந்த இடைவெளி இருக்கும் இடம்தான் மாணவருக்கு ஏற்ற இடம்.

அப்புறம், நூல்கள். என் பார்வையில் எல்லாவற்றையும் முடிவு செய்தது இதுதான். நோபல் வாங்கிய ஒருவரின் நாவல் என்றால் அதைப் பற்றி ஆய்வாளர்கள் ஏற்கெனவே எழுதிக் குவித்திருப்பார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் திறனாய்வு நூல்கள் இருக்கும், ஆய்விதழ்கள் இருக்கும். மாணவர் தன் கருத்தை எழுத வேண்டிய அவசியமே வராது. விக்கிப்பீடியாவில் சொந்தக் கருத்துக்கும் சொந்த ஆய்வுக்கும் இடமில்லை; பிறர் எழுதி வெளியானதைத் தொகுத்துச் சொல்வது மட்டுமே வேலை. அதனால் ஒரு தலைப்பு பிடித்திருக்கிறதா என்பதைவிட, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியது கைக்கு எட்டுகிறதா என்பதே முதல் கேள்வி. நாவலின் நடையைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டுமா? மூன்று திறனாய்வாளர் சொன்னதைப் படித்து, ஒத்துப்போகும் இடத்தையும் வேறுபடும் இடத்தையும் சொன்னால் போதும். பத்தி அங்கேயே பிறந்துவிடுகிறது.

வர்காஸ் லோசா கட்டுரை இந்தக் கணக்கில் கொஞ்சம் விலகி நிற்கிறது. அப்போது உயிரோடு இருந்த மனிதர் (2025ல் காலமானார்), அரசியலில் இறங்கி 1990ல் பெரு அதிபர் தேர்தலிலும் நின்றவர். வாழும் மனிதர்களைப் பற்றிய பக்கங்களில் விதிகள் மிகக் கடுமை. சான்றில்லாத ஒரு வரி பாதகமாக இருந்தால் கேட்காமலே நீக்கிவிடலாம். புதியவர்களுக்கு நான் வழக்கமாக வேண்டாம் என்று சொல்லும் வகை இது. ஆனால் அவரைப் பற்றியும் நூல்கள் ஏராளம் என்பதால் அந்தக் குழு கரையேறியது. இரண்டு வருடம் கழித்து, 2010 அக்டோபர் 7 அன்று, இலக்கிய நோபல் அவருக்கு என்று அறிவித்தார்கள். அன்று அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்த எல்லோருக்கும் கிடைத்தது, ஒரு இளநிலை வகுப்பு அடித்தளம் போட்டு எழுப்பிய கட்டுரை. இதை எழுதும்போதே எனக்கு மனம் நிறைகிறது. பருவக் கட்டுரையாக இருந்திருந்தால் அது எந்தப் பெட்டிக்குள் கிடந்திருக்குமோ.

அதே வேலை, வேறு தேர்வு

ஒரு நிகழ்வை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்பதால் இன்னும் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

2011ல் நம் நாட்டிலேயே, புனே நகரக் கல்லூரிகளில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள். பொறியியல், பொருளாதாரம் என்று பாடத்திட்டத்தை ஒட்டிய தலைப்புகள். சில மாதங்களில் ஆங்கில விக்கிப்பீடியா முழுக்கப் பதிப்புரிமை மீறல் புகார்கள் எழுந்தன; பாடப்புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் குப்பையை அள்ளத் தன்னார்வலர்கள் இராப்பகலாக உழைக்க வேண்டியிருந்தது. அந்த நவம்பரிலேயே திட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. நம் கல்விமுறையில் பாடநூலில் உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் முழு மதிப்பெண். பதினைந்து வருடம் அப்படிப் பழகியவரிடம் ஒரு நாள் திடீரென்று 'சொந்த நடையில் எழுது' என்றால் என்ன செய்வார்? இங்கே தலைப்புத் தேர்வுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு தரவுக் கட்டமைப்பையோ ஒரு பொறியின் பாகத்தையோ தலைப்பாகக் கொடுத்தால், மாணவர் கையில் இருப்பது ஒரே ஒரு பாடநூல். ஒரே நூலை வைத்து எழுதும்போது வாக்கியங்களும் அந்த நூலின் வாக்கியங்களாகவே வந்து விழும். நான்கு நூல்கள் நான்கு விதமாகச் சொல்லும் தலைப்பில் அப்படியே ஒட்டுவது கடினம். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். நல்ல தலைப்பு மாணவரைக் காப்பியடிக்க விடாமல் கொஞ்சம் தடுக்கவும் செய்கிறது.

இன்னொன்று, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. 2013 நவம்பர் முதல் 2015 நவம்பர் வரை இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் 43 பேர் ஆளுக்கு ஒரு கட்டுரையை எடுத்து மேம்படுத்தினார்கள். பாடத்தை வடிவமைத்தவர்களில் பேராசிரியர்களோடு மருத்துவ நூலகர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய, தரம் குறைந்த சான்றுகளை நீக்கி நல்லவற்றைச் சேர்த்ததில், நிகரமாக 274 சான்றுகள் கூடின. அவர்கள் தொகுத்துக்கொண்டிருந்த மாதங்களில் மட்டுமே அந்த 43 பக்கங்களும் 11,16,065 முறை பார்க்கப்பட்டிருந்தன.

மருத்துவக் கட்டுரைகளில் தேர்வின் பாரம் வேறு மாதிரி. அங்கே ஒற்றை ஆய்வுத் தாளைச் சான்றாகக் காட்ட முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகளும் தரமான பாடநூல்களும்தான் ஏற்கப்படும். மருத்துவம் படித்தவர்களுக்கு அவை புரியும், கையிலும் கிடைக்கும். நான் ஒரு தமிழ் இலக்கிய மாணவரிடம் நீரிழிவு பற்றிய கட்டுரையை எடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். எத்தனை பேர் படிக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அதன் பிழை போய்ச் சேரும்.

ஒரு மணி நேர வேலை

சரி, இதையெல்லாம் வைத்து ஒரு மாணவர் நடைமுறையில் என்ன பார்க்க வேண்டும்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு துறைக்கும் விக்கித்திட்டம் என்று ஒரு குழு உண்டு. தங்கள் துறைக் கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இரண்டு மதிப்பீடு போட்டிருப்பார்கள்: தரம் எப்படி, துறைக்கு எவ்வளவு முக்கியம். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த அட்டவணை ஒன்று அங்கே கிடைக்கும். முக்கியத்துவம் அதிகம், தரம் குறைவு என்ற கட்டத்தைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வரும். என் மாணவர்களை நான் நேராக அங்கே அனுப்புகிறேன். ஏற்கெனவே சிறப்பு நிலையில் உள்ள கட்டுரையை எடுத்தால் காற்புள்ளி திருத்துவதைத் தவிர வேலை இருக்காது.

பிறகு அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கம். பலர் அதைத் திறப்பதே இல்லை. யார் யாரோடு எதற்காக மோதினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். சில தலைப்புகளில் புதியவர் கைவைக்கவே முடியாது. இஸ்ரேல்-பாலஸ்தீனப் பக்கங்களைத் தொட அதற்கு முன் 500 திருத்தங்கள் செய்திருக்க வேண்டும், கணக்குத் தொடங்கி 30 நாளும் ஆகியிருக்க வேண்டும். தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கு என்றே தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. தன் சாதி வரலாற்றை எழுத வேண்டும் என்ற ஆவலோடு வரும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் கட்டுரையாக அது வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். ஒரே வாரத்தில் மனம் நொந்து வெளியேறிவிடுவார்கள்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைப் பக்கப் பார்வைக் கருவி காட்டும். 2015 ஜூலை முதலான எண்ணிக்கை அதில் இருக்கிறது. இதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். வாசகர் குறைவு என்பதற்காக நல்ல தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு நூலகம். தலைப்பைப் பற்றி நான்கு ஐந்து சுதந்திரமான நூல்களோ ஆய்விதழ்க் கட்டுரைகளோ கையில் எடுத்து மேசையில் வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான். இதில் நான் இளகுவதில்லை.

தமிழில் எடுக்கும்போது

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் குறுங்கட்டுரைகள் மிக அதிகம் என்பதால், எதை எடுத்தாலும் மேம்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் பத்துப் பேர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பார்கள். நீங்கள் தவறாக எழுதினால் பத்தாவது நிமிடம் யாராவது வந்து தட்டிக்கேட்பார்கள். தமிழில் தொகுப்போர் குறைவு. நீங்கள் எழுதிய பிழை ஐந்து வருடம் அப்படியே இருந்து, பள்ளிக் குழந்தைகளின் வீட்டுப்பாடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே, சான்று கைவசம் இருக்கும் தலைப்பை மட்டும் எடு என்ற விதியைத் தமிழில் இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நல்லவேளை, சான்றுகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005ல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எந்தத் தலைப்பு என்று தெரியாமல் தவிக்கும் மாணவருக்கு நான் சொல்வது: கலைக்களஞ்சியத்தின் ஏதாவது ஒரு தொகுதியைப் புரட்டு, உன் துறை சார்ந்த பத்துத் தலைப்புகளைக் குறித்துக்கொள், ஒவ்வொன்றையும் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடிப் பார். எது மெலிந்து கிடக்கிறதோ அதற்குப் புதிய நூல்கள் கிடைக்கின்றனவா என்று பார்.

போன வருடம் தாவரவியல் படிக்கும் ஒரு மாணவி 'தமிழ்நாட்டு மரங்கள்' என்ற தலைப்போடு வந்தார். அது பத்துப் பேர் ஆயுளுக்கான வேலை என்றேன். அடுத்த வாரம் 'முள்மரங்கள்' என்று வந்தார். அதுவும் பெரிதுதான். மூன்றாம் முறை ஒரே ஒரு மரம்: கொடுக்காய்ப்புளி.

"ரொம்பச் சின்னதா இருக்கே சார், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"நூலகத்தில் எத்தனை புத்தகம் கிடைத்ததும்மா?"

கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதி முதல் ஆய்விதழ்கள் வரை ஆறு சான்றுகளைப் பக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் ஊரில் வேலியெங்கும் நிற்கும் மரம், ஆங்கிலத்திலும் 'மெட்ராஸ் தார்ன்' என்றே ஒரு பெயர், தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியதும் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில்தான். நம் மண்ணின் மரம் என்றே அவர் நினைத்திருந்தார். சான்றுகளைப் படித்தபோது அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் என்று தெரிந்தது. முதல் நாள் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கத்தில், அவர் எழுதியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான், வாக்கியத்தின் முடிவில் இரண்டு சான்றுகளோடு.